ஏசி போடாத கார்

மூன்றாவது தடவையாக அந்தச் சந்துக்குள் காரைத் திருப்பும்போதே விஜயராகவனுக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே அக்னி நட்சத்திரம். காருக்குள் அதற்கும் மேலே. ஏசிக் குமிழை முழுசாகத் திருகி வைத்திருந்தார். அதிலிருந்து அடுப்பங்கரைக் காற்று முகத்தில் அடித்தது. அணைத்துத் தொலைக்கலாம்தான். ஆனால் அக்பர் பாஷா வந்து கையை வைத்துப் பார்க்கட்டும் என்று வீம்புக்கு அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தார்.

மந்தைவெளியில், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்த ரோட்டை ஒட்டி இருந்தது அந்தச் சந்து. அக்பர் பாஷாவின் கடையில் கார் ஏசி மட்டும்தான் பார்ப்பார்கள். கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மரப் பெஞ்சு, வாசலில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் எப்போதும் இரண்டு மூன்று கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும்.

“பாய், மறுபடியும் போச்சு.”

அக்பர் பாஷா கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. “இன்னா சார் போச்சு?”

“என் உசிரு. கேஸ் போச்சுய்யா! நீ போட்டு நாலு நாள்கூட ஆகலை. கையை வெச்சுப் பாரு, அனலா அடிக்கறது.”

“அப்டி போவாதே சார். கண்டன்சர் புச்சு மாத்திகினமே.”

“அதைத்தான்யா நானும் கேக்கறேன். மொதல்ல வெறும் கேஸ் போட்டே, போச்சு. அப்பறம் கண்டன்சர்ல ஓட்டைன்னே. மாத்தினே. இப்பவும் போறது. ஓட்டை கண்டன்சர்லதான்னு எனக்கு யார் சொன்னா? நீதானே சொன்னே?”

“கண்டன்சரும் பழ்சுதான சார். எப்டியும் ஒருநாள் மாத்தித்தான ஆவணும்.”

இப்படிப் பேசுகிறவனை என்ன செய்வது? வைத்தியனிடம் வயிற்றுவலி என்று போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது அவருக்கு. தலையில் அடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

விஜயராகவன் இயல்பில் கத்துகிற ஆளே இல்லை. அண்ணா சாலையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸின் க்ளெய்ம் பிரிவில் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்களின் கத்தலையெல்லாம் கேட்டுக்கொண்டவர். ‘உக்காருங்கோ, பாக்கறேன்’ என்று சொல்லிச் சொல்லியே ரிடையர் ஆனவர். மயிலாப்பூரில் அவர்கள் இருக்கிற ஃபிளாட்டில் தண்ணீர் மோட்டார் தகராறு எவ்வளவோ வந்திருக்கிறது. ஒன்றிலாவது அவர் குரல் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் இந்த மூன்று வாரமாக மெக்கானிக்கிடம் கத்துகிறார், போனில் கத்துகிறார், சிக்னலில் முன்னால் நிற்கிற ஆட்டோவைப் பார்த்துக் கத்துகிறார்.

காரணம் கோமளம். அவர் மனைவி. ஐப்பசி மாதம் மார்பில் ஆபரேஷன் ஆயிற்று. பிறகு கீமோ. இப்போது ரேடியேஷன், வாரத்தில் ஐந்து நாள் அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். அதில் பாதி முடிந்திருந்தது. அக்குளிலிருந்து மார்பு வரைக்கும் தோல் வெந்து கறுத்துவிட்டது. பவுடர் போடக் கூடாது, சோப்புப் போடக் கூடாது. “வேர்வை பட்டா ரொம்ப எரியும். வேர்க்கவே விடாதீங்க. நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க, அதுதான் முக்கியம்” என்றார் டாக்டர். மே மாதம், மெட்ராஸ், வேர்க்கவே விடக் கூடாதாம்! சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சூப்பர் மார்க்கெட் போகிற தூரம்தான் அடையாறு. ஆனால் தோண்டிப் போட்ட ரோட்டில் அதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. எண்ணெய்ச் சட்டியில் உட்கார்ந்தது போல அந்த முக்கால் மணியும் கோமளம் உதட்டைக் கடித்துக்கொண்டு வருவாள். அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

அக்பர் பாஷா ஒருவழியாக டீ கிளாஸோடேயே எழுந்து வந்து பானெட்டைத் தூக்கினார். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். பிறகு கம்ப்ரெசரின் முன்பக்கத்தில் விரலை விட்டுத் தடவி எடுத்து, விஜயராகவனின் முகத்துக்கு நேராக நீட்டினார். விரலில் எண்ணெயும் மண்ணுமாகக் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

“பாத்தியா சார்? ஆயில் கக்கி வெச்சிகீது. ரப்பர் சீலு பூட்ச்சி. கம்ப்ரெசர் லீக்கு.”

“இதை மொதல் நாளே பாத்திருக்கக் கூடாதா?”

“மொத நாளு ஆயில் வெளிய வர்ல சார். நீ இன்னா, ரொம்ப நாளா ஏசி போடாம வெச்சிருந்தியா?”

விஜயராகவன் கொஞ்சம் தயங்கினார். “இந்தச் சித்திரைக்கு முன்னாடி போட்டதில்லை.”

“அதான் கேக்குறேன், எப்பலேர்ந்து போடல?”

“வாங்கினதுலேர்ந்து.”

“வண்டி எப்ப வாங்கின?”

“ரெண்டாயிரத்தி ஆறு.”

டீ கிளாஸ் அப்போதுதான் கீழே இறங்கியது. “இன்னா சார் சொல்ற? இருவது வருசமாவா? மெட்ராஸ்ல? ஏசி கார் வெச்சிகினு ஏசி போடாமயா?”

“என் வொய்ஃப் பாடுவா.”

“பாடட்டும் சார். நல்ல விசியம்தான். பாட்டுக்கும் ஏசிக்கும் இன்னா சம்மந்தம்?”

“தொண்டை கட்டிக்கும்.”

“சர்தான். அப்ப நீ தனியா போம்போதாச்சும் போட்டுக்கலாமில்ல?”

இந்தக் கேள்விக்கு விஜயராகவனிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. ஒருதரம் போட்டால்கூட ஜில்லிப்பு சீட்டில் தங்கிவிடும், ஏறி உட்கார்ந்தால் தன் தொண்டைக்கு ஆகாது என்று கார் வாங்கிய வாரமே கோமளம் சொல்லிவிட்டாள். அதில் விஞ்ஞானம் எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. பாடுகிறவர்கள் வீட்டில் சில விஷயங்களைக் கேட்கக் கூடாது. ஐஸ் தண்ணீர் கிடையாது, தயிர் ராத்திரி கிடையாது, ஐஸ்கிரீம் என்கிற வார்த்தையே கிடையாது. அந்த வரிசையில் ஏசியும் கிடையாது, அவ்வளவுதான்.

“அதான் சார் மேட்டரு” என்றார் அக்பர் பாஷா. “ஏசி ஓடனாத்தான் உள்ள ஆயில் சுத்தும். ஆயில் சுத்தனாத்தான் சீலு பதமா இருக்கும். மழ காலத்துலகூட அப்பப்ப போட்டு உடணும். நீ போடவேல்ல. அது காஞ்சி வறட்டி ஆயிட்ச்சி. இப்ப திடீர்னு கேஸ அட்ச்சா, சந்து கெட்ச்ச எடத்துல அது போய்க்கினேதான் இருக்கும்.”

“இதை நீ அன்னிக்கே கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே!”

“ஏசிய போடாம வேத்துகினே வண்டி ஓட்டற ஆளு இருப்பான்னு நான் கனாவா சார் கண்டேன்?”

வேர்த்துக்கொண்டே வண்டி ஓட்டியது வாஸ்தவம்தான். கோமளம் ஒன்றும் பெரிய பெயர் எடுத்த பாடகி இல்லை. டிசம்பர் சீசனில் மத்தியானக் கச்சேரி, கோயில் உற்சவம், தி.நகரில் ஒரு வீட்டு மாடியில் பாட்டு கிளாஸ். ஆனால் கச்சேரி முடிந்ததும் நாலு பேர் நின்று “இன்னிக்குத் தோடி நன்னா இருந்தது மாமி” என்று சொல்லிவிட்டுப் போகிற பாட்டு. டிரைவர் வைத்துக்கொள்ள வசதி இல்லாததால் விஜயராகவன்தான் டிரைவர். பனகல் பார்க் சிக்னலில் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, பஸ் புகையைச் சுவாசித்துக்கொண்டு, முதுகுக்கு ஒரு டர்க்கி டவலை விரித்து உட்கார்ந்திருப்பார். பின்சீட்டில் மாற்றுச் சட்டை ஒன்று தொங்கும். அதையும் மீறி ஈரச் சட்டையோடு சபாவுக்குள் போய் உட்கார்ந்தால், அங்கே ஏசி பொளந்து கட்டும். தும்மல் வரும். அந்த வீட்டில் ஜலதோஷம் பிடித்ததெல்லாம் இவருக்குத்தான், தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

ரேடியேஷன் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் கோமளமே, “ஏன்னா, அந்த ஏசியைப் போடுங்கோ” என்றாள். அவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. குமிழைத் திருகினார். முதலில் புழுதி பறந்தது. அப்புறம் பல்லி செத்த நாற்றம் வந்தது. அப்புறம் வெந்நீர் கொதிக்கிற மாதிரி ஒரு காற்று. இருபது வருஷம் கழித்துக் கிடைத்த அனுமதி இந்த லட்சணத்தில் இருந்தால் மனுஷனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

“சரி, இப்போ என்ன பண்ணணும்?” என்றார்.

“இந்த மாடலுக்கு சீலு தனியா வர்ல சார். புதுப்பேட்டைல வேற வண்டிலேர்ந்து கயட்டுன கம்ப்ரெசர் கெடைக்கும், நல்ல பீஸா பாத்து எட்த்தாறேன். வண்டிய உட்டுட்டு போ. நாளைக்கி குட்துடறேன்.”

நாளைக்கு! அந்த வார்த்தைக்கு அக்பர் பாஷாவின் அகராதியில் என்ன அர்த்தம் என்று விஜயராகவனுக்கு நன்றாகவே தெரியும். நாளைக்கு என்றால் நாளைக்கு இல்லை, அதுமட்டும் நிச்சயம். மறுநாள் போன் பண்ணினால், “ஆன் த வே சார்” என்றார். எங்கேயிருந்து எங்கே போகிற வழி என்று சொல்லவில்லை. அதற்கு மறுநாள் போனையே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போயிருப்பதாகப் பக்கத்து டயர் கடைக்காரர் சொன்னார். கம்ப்ரெசர் இல்லாத கார் வேப்பமரத்தடியில் நின்றது, அதன்மேல் காக்கை எச்சமிட்டிருந்தது.

அந்த நாள்களில் வாடகைக் காரில் போனார்கள். வருகிற காரில் எல்லாம் கண்ணாடிக்குக் கீழே ஒரு சென்ட் பாட்டில். கீமோவுக்குப் பிறகு கோமளத்துக்கு எந்த வாசனையும் ஆவதில்லை. காப்பி டிகாக்ஷன் இறங்குகிற வாசனைக்கே அடுக்களையை விட்டு ஓடுகிறாள். டொரோன்டோவிலிருந்து பிள்ளை ஷ்ரவண், “பழைய டப்பாவைத் தலையைச் சுத்திப் போட்டுட்டுப் புதுக் கார் எடுங்கோப்பா” என்று சுலபமாகச் சொல்லிவிட்டான். ஷோரூமில் புதுக் காரின் கதவைத் திறந்ததும், அந்த ரெக்சின் நெடிக்கே அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். தினம் ஏறி இறங்கின பழைய சீட்டில்தான் அவளால் உட்கார முடிந்தது.

வெள்ளிக்கிழமை வந்த காரில் மல்லிகை சென்ட். “பாட்டிலைக் கொஞ்சம் எடுத்து உள்ளே வெச்சுடுப்பா” என்று விஜயராகவன் கேட்டார். டிரைவர் கேட்காத மாதிரி இருந்தான். அடையாறு பாலத்தில் ஏறும்போது கோமளம் வாந்தி எடுத்துவிட்டாள். கையில் இருந்த டவலில்தான் எடுத்தாள், சீட்டில் ஒரு சொட்டு சிந்தவில்லை. அவன் பாலத்து மேலேயே வண்டியை ஓரங்கட்டி, “எறங்குங்க, எறங்குங்க, அடுத்த சவாரிக்கு ஏறுவாங்களா?” என்று கத்தினான். விஜயராகவன் பதிலுக்குக் கத்தினார். அவர் கத்தினதற்கு என்ன பிரயோஜனம்? உச்சி வெயிலில், பாலத்துக் கைப்பிடிச் சுவர் கொதிக்கக் கொதிக்க அதைப் பிடித்துக்கொண்டு கோமளம் நின்றாள். வேர்வை ரவிக்கைக்குள் இறங்க இறங்க அவள் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு, அவர் போகிற ஆட்டோவுக்கெல்லாம் கையைக் காட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “போறும்னா. இனிமே நான் வரலை.”

“என்ன பேசறே நீ? இன்னும் பாதி இருக்கு. நடுவுல விடப்படாதுன்னு டாக்டர் அவ்ளோ சொல்லியிருக்கார்.”

“அவர் வந்து பாலத்துல நிக்கட்டும். என்னால முடியாது. வர்ற வரைக்கும் வரட்டும், விடுங்கோ.”

கோமளம் ஒன்றை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அது விஜயராகவனுக்கு இருபது வருஷ ஏசியில் தெரியாததா? சனியும் ஞாயிறும் ரேடியேஷன் கிடையாது. திங்கட்கிழமை காலைக்குள் அந்தக் கார் குளிர்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இவள் படியிறங்க மாட்டாள்.

சனிக்கிழமை அக்பர் பாஷா கம்ப்ரெசரோடு வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதற்கு முன்பே விஜயராகவன் போய், மூடின ஷட்டருக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“இன்னா சார், இன்னிக்கி லீவு” என்றார் அக்பர் பாஷா. அவர் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தார். லுங்கியோடு பல் தேய்த்துக்கொண்டே வந்திருந்தார்.

“எனக்கு லீவு கிடையாது. முடிக்காம நான் எழுந்துக்கப் போறதில்லை.”

“சார், ஊட்ல விருந்தாளிங்கோ—”

“பாய், என் பொண்டாட்டி ட்ரீட்மென்ட் வேண்டாம்னுட்டா. உன் ‘நாளைக்கி’யால வேண்டாம்னுட்டா. போறுமா?”

அக்பர் பாஷா வாயில் இருந்த நுரையைத் துப்பினார். அடையாறுக்கு எதற்காகப் போகிறார்கள் என்று அதுவரை அவர் கேட்டதும் இல்லை, இவர் சொன்னதும் இல்லை. குனிந்து ஷட்டரைத் தூக்கினார்.

கம்ப்ரெசர் ஏறியது. பைப்புகள் மாட்டப்பட்டன. லீக் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே காற்றை அடித்து அடைத்துவிட்டு, இரண்டு பேரும் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முள் நிற்கவில்லை. மெல்ல மெல்ல இறங்கியது.

“இன்னும் எங்கேய்யா போறது?” விஜயராகவன் முள்ளுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

அக்பர் பாஷா சோப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு பைப் மூட்டில் குமிழி வந்தது. “ஐயே… பழ்ய ரப்பர் வளையத்தயே மறுக்கா போட்டன் சார். அவசரத்துல.” அதை முனகலாகச் சொன்னார். விஜயராகவன் கத்துவதற்கு வாயைத் திறந்தார், தெம்பு இல்லை. எல்லா மூட்டையும் திரும்பக் கழற்றி, புது வளையம் போட்டு, மறுபடி காற்றை அடைத்தார்கள். விருந்தாளிகளுக்குச் செய்த பிரியாணி ஒரு தட்டு வந்தது. தான் சைவம் என்று விஜயராகவன் சொன்னதும், அது போய் வாழைப்பழம் வந்தது. இந்த முறை முள் அசையவில்லை.

கேஸ் ஏறிய பிறகு, “உள்ள குந்தி பாரு சார்” என்றார் அக்பர் பாஷா. விஜயராகவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ஜில்லென்று முகத்தில் பட்டது. தன் சொந்தக் காரில், டிரைவர் சீட்டில், சட்டை காய்ந்து உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்காகச் சந்தோஷப்படக்கூட மனசு வரவில்லை.

திங்கட்கிழமை காலை கோமளத்திடம் அவர் கெஞ்சவில்லை. “கீழே வந்து சும்மா உக்காரு. கேட்டுக்குள்ளேயே நிக்கறேன். பிடிக்கலைன்னா மேலே போயிடலாம்” என்றார். வாதாடத் தெம்பில்லாமல்தான் அவள் வந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அவர் கேட்காமல் கொள்ளாமல் காரைக் கேட்டுக்கு வெளியே விட்டார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

மெட்ரோத் தகரத்தை ஒட்டி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஏசியைக் கம்மியாக வைத்து, காற்று அவள்மேல் நேராகப் படாதபடி துவாரத்தைத் திருப்பிவிட்டிருந்தார். கோமளம் கண்ணைத் திறந்தாள். கையை நீட்டிக் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாள். துவாரத்தைத் தன் கழுத்துக்கு நேராகத் திருப்பி, புடவைத் தலைப்பைத் தளர்த்திவிட்டுக்கொண்டாள்.

“அவ்ளோ வைக்காதே. தொண்டை கட்டிக்கும்.”

“கட்டிக்கட்டும்.”

“கோமளம், நேரா கழுத்துல படறது பாரு.”

“பட்டா என்ன? இனிமே இந்தத் தொண்டையை வெச்சுண்டு நான் என்ன பண்ணப் போறேன்? அதெல்லாம் முடிஞ்சு போச்சுன்னா. ஜில்லுனு போயிட்டு வரேன், அது போறும்.”

கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. தீர்ந்துபோன மளிகைச் சாமானைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். விஜயராகவன் காரை அங்கேயே இடதுபக்கம் ஒடித்து நிறுத்தினார். பின்னால் வந்தவன் ஹாரனை அமுக்கினான்.

“முடிஞ்சு போச்சுன்னு சொல்ல நீ யாரு?”

கோமளம் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“நீ யாருடி சொல்றதுக்கு? இருபது வருஷம் இந்த சீட்ல நான் வெந்திருக்கேன். ஊர்ல இருக்கறவன்லாம் கண்ணாடியை ஏத்திண்டு என்னைப் பைத்தியக்காரனைப் பாக்கற மாதிரி பாப்பான். ஒருநாள், ஒரேயொரு நாள், ‘ஏண்டி, கொஞ்சம் போட்டுக்கறேனே’ன்னு கேட்டிருப்பேனா? யாருக்காகன்னு நினைச்சே? உனக்காகவா? கார்த்தால நீ உக்காந்து பாடுவியே, நான் தூங்கற மாதிரி படுத்துண்டு கேப்பேனே, அதுக்காகடி! அந்தத் தொண்டைல பாதி என்னோடது. என்னைக் கேக்காம நீ பாட்டுக்கு முடிஞ்சு போச்சுன்னா என்ன அர்த்தம்? நான் முடிக்கலை. எனக்கு இன்னும் கேக்கணும்.”

“கத்தாதீங்கோ. எல்லாரும் பாக்கறா.”

“பாக்கட்டும்!”

ஹாரன் இப்போது இரண்டு மூன்றாகி இருந்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ மிஷின் மண்ணைத் துளைத்துக்கொண்டிருந்தது. விஜயராகவன் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் மூச்சு வாங்கினார். அவ்வளவு குளிரிலும் அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது; கண்ணிலிருந்து வந்ததும் அதோடு சேர்ந்துகொண்டது.

கோமளம் அந்த வேர்வையைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிக் குமிழைக் குறைத்தாள். தன் கழுத்துக்கு நேராக இருந்த துவாரத்தைப் பிடித்து, அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டாள்.

“வண்டியை எடுங்கோ” என்றாள். “டயமாயிடுத்து.”